ஒரே பயனர், இரண்டு கோரிக்கைகள்: செஷன் சிக்கல்களைப் பிரித்தறிவது எப்படி?

இணையச் செயலிகளைப் பராமரிப்பவர்களிடம் வந்துசேரும் புகார்களில் மூன்று, கேட்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். "அறிக்கையைத் தரவிறக்கக் கொடுத்தால், அது முடியும்வரை வேறு எந்தப் பக்கமும் திறப்பதில்லை" என்பது ஒன்று. "கூடையில் போட்ட பொருள் தானாகக் காணாமல் போகிறது" என்பது இரண்டாவது. "என் கணக்கில் நுழைந்தேன், வேறு யாருடைய பெயரோ தெரிகிறது" என்பது மூன்றாவது. மூன்றின்மீதும் "செஷன் பிரச்சினை" என்று ஒரே சீட்டை ஒட்டிவிடுவது வழக்கமாக இருக்கிறது. உண்மையில் இவை வெவ்வேறு காரணங்களால் வருபவை. முதலாவதைத் தீர்க்கச் செய்யும் மாற்றமே இரண்டாவதை உண்டாக்கிவிடுவதும் உண்டு. எனவே எந்தத் திருத்தத்தையும் தொடும்முன், கண்ணெதிரே இருப்பது காத்திருப்பா, இழப்பா, கலப்பா என்று தெளிவாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

செஷன் என்பது என்ன

எச்டிடிபி நெறிமுறைக்கு நினைவு கிடையாது. உலாவி ஒரு கோரிக்கையை அனுப்புகிறது, சர்வர் பதில் தருகிறது, அத்துடன் கணக்கு தீர்ந்தது. அடுத்த கோரிக்கையை அனுப்புபவர் சற்றுமுன் வந்த அதே ஆள்தானா என்பது நெறிமுறை அளவில் சர்வருக்குத் தெரியாது. இந்தக் குறையை நிரப்பத்தான் 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டூலி குக்கீயை உருவாக்கினார். சர்வர் ஒரு சிறு குறிப்பைக் கொடுத்தனுப்பும். உலாவி அதை ஒவ்வொரு கோரிக்கையோடும் திருப்பிக் காட்டும்.

செஷன் இதன்மேல் கட்டப்பட்ட ஏற்பாடு. கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்தில் நம் கையில் டோக்கன் மட்டுமே இருக்கும். செருப்பு உள்ளே அடுக்கில் இருக்கும். அதுபோலவே குக்கீயில் இருப்பது ஓர் அடையாள எண்; பயனரின் பெயர், தேர்ந்தெடுத்த மொழி, கூடையில் உள்ள பொருள்கள் ஆகியவை சர்வரின் கோப்பிலோ, தரவுத்தளத்திலோ, ரெடிஸ் போன்ற நினைவகக் கிடங்கிலோ இருக்கின்றன. அடையாள எண் யார் கையில் இருக்கிறதோ அவரே அந்தப் பயனர். சர்வருக்கு வேறு சாட்சி இல்லை.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பெரும்பாலான கட்டமைப்புகள் (இணையச் செயலிகளைக் கட்ட உதவும் ஆயத்த நிரல் தொகுப்புகள்) செஷனைத் துண்டுதுண்டாகக் கையாள்வதில்லை. கோரிக்கையின் தொடக்கத்தில் செஷன் முழுவதையும் எடுத்து நிரலின் நினைவகத்தில் வைக்கின்றன. முடிவில் முழுவதையும் திரும்ப எழுதுகின்றன. இடையே நடப்பதெல்லாம் நகலின்மீது நடப்பவை. ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கைதான் வரும் என்றால் இதில் தவறேதும் இல்லை.

ஒரே பயனரிடமிருந்து ஒரே நேரத்தில் ஏன் பல கோரிக்கைகள் வருகின்றன

ஒரு பயனர் ஒரு நேரத்தில் ஒரு பொத்தானைத்தான் அழுத்துவார் என்ற எண்ணம் பழைய நாள்களுக்கே பொருந்தியது. இன்று ஒரு முகப்புப் பக்கம் திறந்ததும் அறிவிப்புகளின் எண்ணிக்கை, கூடையின் நிலை, வரைபடத்துக்கான தரவு, பயனரின் படம் என்று பத்துக்கும் மேற்பட்ட கோரிக்கைகள் பின்னணியில் பறக்கின்றன. ஒரே உலாவியின் எல்லா டேப்களும் ஒரே குக்கீயைப் பகிர்ந்துகொள்வதால், நான்கு டேப்கள் திறந்திருந்தால் நான்கின் கோரிக்கைகளும் ஒரே செஷனையே வந்து தொடுகின்றன.

எச்டிடிபி 1.1இல் குரோம் போன்ற உலாவிகள் ஒரு தளத்துக்கு ஒரே நேரத்தில் 6 இணைப்புகளுக்குமேல் திறப்பதில்லை. இந்த வரம்பு பல நிரல்களின் குறையை மறைத்து வைத்திருந்தது. 2015இல் தரநிலையான எச்டிடிபி 2, ஒரே இணைப்பின்மீது பல கோரிக்கைகளை இணையாக அனுப்ப வழிவிட்டது. எனவே நிரலில் ஒரு வரிகூட மாற்றாமல், சர்வரின் முகப்பில் எச்டிடிபி 2ஐ இயக்கியதன் விளைவாகவே பழைய செஷன் சிக்கல் வெளியே தலைகாட்ட நேர்ந்தால் வியப்பதற்கில்லை.

பூட்டுப் போடும் முறை: பிஎச்பி

இரண்டு கோரிக்கைகள் ஒரே செஷனைத் தொடும்போது என்ன செய்வது என்ற கேள்விக்கு, கட்டமைப்புகள் இரண்டு விதமாக விடை சொல்கின்றன. முதல் விடை, ஒருவர் முடிக்கும்வரை மற்றவரை வாசலில் நிறுத்துவது.

இணைய நிரல்மொழியான பிஎச்பியின் இயல்பான ஏற்பாட்டில் செஷன் ஒரு கோப்பு. குக்கீயின் பெயர் பிஎச்பிசெஸ்ஐடி. அதில் உள்ள எண்ணுக்கு முன்னால் 'செஸ்_' என்று சேர்த்தால் கோப்பின் பெயர் கிடைத்துவிடும். நிரல் 'செஷன்_ஸ்டார்ட்' என்ற செயற்கூற்றை அழைத்தவுடன் பிஎச்பி அந்தக் கோப்பைத் திறந்து, 'எஃப்லாக்' என்ற இயக்குதள அழைப்பின் மூலம் தனியுரிமைப் பூட்டு ஒன்றைப் போடுகிறது. நிரல் முடியும்வரையோ, 'செஷன்_ரைட்_குளோஸ்' என்று வெளிப்படையாக அழைக்கும்வரையோ அந்தப் பூட்டு விலகாது. அதே அடையாள எண்ணுடன் வரும் அடுத்த கோரிக்கை, தன் 'செஷன்_ஸ்டார்ட்' வரியிலேயே நின்றுவிடும்.

இதை ஓர் உதாரணத்தில் அருகில் வைத்துப் பார்க்கலாம். ஓர் அலுவலகக் கணக்குச் செயலியில், ஆண்டறிக்கையைத் தயாரிக்க 40 நொடிகள் ஆகின்றன என்று கொள்வோம்.

1. 0ஆம் நொடி: பயனர் 'அறிக்கை தயாரி' என்பதை அழுத்துகிறார். நிரல் செஷனைத் திறக்கிறது. உள்ளே நுழைந்தவர்தானா என்று சரிபார்க்கிறது. அதற்கு ஆவது 2 மில்லிநொடி. செஷனில் அதற்குமேல் அதற்கு வேலையே இல்லை. ஆனால் பூட்டு அப்படியே இருக்கிறது.

2. 3ஆம் நொடி: பயனர் இன்னொரு டேப்பில் வாடிக்கையாளர் பட்டியலைத் திறக்கிறார். அந்தப் பக்கத்தைத் தயாரிக்க 50 மில்லிநொடி போதும். இருந்தும் அது பூட்டின்முன் நிற்கிறது.

3. 10ஆம் நொடி: பக்கம் வரவில்லையே என்று பயனர் புதுப்பி பொத்தானை அழுத்துகிறார். உலாவி பழைய கோரிக்கையைக் கைவிட்டுப் புதியதை அனுப்புகிறது. சர்வரில் பழையது கைவிடப்படவில்லை. உலாவி போய்விட்டது என்பதைப் பிஎச்பி தன் வெளியீட்டை அனுப்ப முயலும்போதுதான் அறியும்; பூட்டின்முன் நிற்கும் நிரல் வெளியீடு எதையும் அனுப்புவதில்லை. இப்போது வரிசையில் இருவர்.

4. 15, 20ஆம் நொடிகள்: மேலும் இரண்டு அழுத்தல்கள். வரிசையில் நால்வர், உள்ளே ஒருவர், மொத்தம் ஐந்து.

ஐந்து என்ற எண்ணைச் சும்மா எடுத்துக்கொள்ளவில்லை. சர்வரில் பிஎச்பி நிரல்களை ஓட்டும் பிஎச்பி எஃப்பிஎம்மோடு வரும் மாதிரி அமைவுக் கோப்பில், ஒரு நேரத்தில் இயங்கக்கூடிய பணியாளர் நிரல்களின் உச்ச எண்ணிக்கை 5 என்றே இருக்கிறது. அதை மாற்றாமல் விட்ட சர்வரில், பொறுமை இழந்த ஒரே பயனர் மொத்தத் தளத்தையும் நிறுத்திவிட முடியும். அதற்குப் பிறகு வரும் புகார் "தளம் அடிக்கடி தொங்குகிறது" என்றுதான் இருக்கும். அறிக்கைப் பக்கத்தின் பெயரே அதில் அடிபடாது. மையச் செயலகத்தின் (சிபியு) சுமையைப் பார்த்தால் அதுவும் குறைவாக இருக்கும், ஏனெனில் காத்திருப்பவர்கள் யாரும் வேலை செய்யவில்லை.

பிஎச்பியில் இயக்க நேர வரம்பு என்று ஒன்று உண்டே, அது ஏன் இவர்களை வெளியேற்றவில்லை என்று கேட்கலாம். லினக்ஸில் அந்த வரம்பு, நிரல் உண்மையில் ஓடிய நேரத்தை மட்டுமே எண்ணுகிறது. இயக்குதள அழைப்புகளில் காத்திருந்த நேரம் அதில் சேராது. பூட்டின்முன் ஒரு நிமிடம் நின்றாலும் 30 நொடி வரம்பு அசையாது.

மைக்ரோசாஃப்டின் பழைய ஏஎஸ்பி.நெட்டும் இதே வழியில் போனது. அங்கே பூட்டுக்காகக் காத்திருக்கும் கோரிக்கை, அரை நொடிக்கு ஒருமுறை "திறந்துவிட்டதா?" என்று எட்டிப் பார்க்கும். அதனால் 20 மில்லிநொடியில் முடியக்கூடிய சிறு கோரிக்கைகள் நான்கைந்து சேர்ந்து வந்தாலும் தாமதம் அரை நொடிப் படிகளாக ஏறும். பதில் நேரங்களின் பட்டியலில் 0.5, 1.0, 1.5 நொடிகளை ஒட்டிய எண்கள் கொத்தாகத் தெரிந்தால், அது ஏறக்குறைய கைரேகை போன்ற தடயம்.

பூட்டில்லா முறை: கடைசியாக எழுதியவர் வெல்வார்

இரண்டாவது விடை, யாரையும் நிறுத்தாமல் விட்டுவிடுவது. ஜாங்கோ, எக்ஸ்பிரஸ், லாராவெல், புதிய ஏஎஸ்பி.நெட் கோர் ஆகிய கட்டமைப்புகள் இயல்பாக இப்படித்தான் நடந்துகொள்கின்றன. காத்திருப்பு இல்லை, ஆனால் முழுவதையும் எடுத்து முழுவதையும் வைக்கும் பழக்கம் இங்கே கடிக்கிறது.

செஷனில் மொழி 'தமிழ்', கூடையில் இரண்டு பொருள்கள் என்று இருக்கட்டும். முதல் கோரிக்கை மூன்றாவது பொருளைச் சேர்க்க வருகிறது, செஷனைப் படிக்கிறது. 50 மில்லிநொடி கழித்து இரண்டாவது கோரிக்கை மொழியை மாற்ற வருகிறது. அதுவும் படிக்கிறது, அதன் நகலிலும் கூடையில் இரண்டு பொருள்களே. முதலாவது மூன்று பொருள்களோடு எழுதிவிட்டுப் போகிறது. அடுத்து இரண்டாவது, தன் நகலை, அதாவது புதிய மொழியையும் பழைய கூடையையும், அதன்மேல் எழுதுகிறது. மூன்றாவது பொருள் போய்விட்டது. கூடையை அந்த இரண்டாவது கோரிக்கை தொடவே இல்லை என்பதுதான் இதைக் கண்டுபிடிப்பதைக் கடினமாக்குகிறது. இரண்டு கோரிக்கைகளும் வெற்றி என்றே பதில் தந்தன. பிழைப் பதிவேட்டில் ஒரு வரியும் இருக்காது.

கட்டமைப்புக்குக் கட்டமைப்பு இதில் நுண்ணிய வேறுபாடுகள் உண்டு. ஜாங்கோ, செஷன் மாறியிருந்தால் மட்டுமே எழுதும். வெறுமனே படித்துவிட்டுப் போகும் கோரிக்கையால் தீங்கில்லை. எக்ஸ்பிரஸின் செஷன் தொகுப்பில் 'ரீசேவ்' என்ற விருப்பம் இயங்கிக்கொண்டிருந்தால், எதையும் மாற்றாத கோரிக்கைகூடத் தன் பழைய நகலைத் திரும்ப எழுதிவைக்கும். இணைக் கோரிக்கைகள் ஒன்றையொன்று அழித்துவிடும் என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது. அதை அணைத்துவைப்பது ஒரு சொல் திருத்தம். ரூபி ஆன் ரெயில்ஸ் இயல்பாகச் செஷன் முழுவதையும் மறையாக்கி குக்கீக்குள்ளேயே வைத்துவிடுகிறது. அங்கே போட்டி சர்வரில் நடப்பதில்லை, உலாவியில் நடக்கிறது: எந்தப் பதில் கடைசியாக வந்துசேர்ந்ததோ அதன் குக்கீ நிலைக்கிறது.

ஜாவா மொழியில் கோரிக்கைகளைக் கையாளும் நிரல்களான சர்வ்லெட்டுகளின் நிலை வேறு. ஒரே பயனரின் இணைக் கோரிக்கைகள் நினைவகத்தில் உள்ள ஒரே செஷன் பொருளை, நகல் இல்லாமல், நேரடியாகப் பகிர்கின்றன. செஷனில் ஒரு மதிப்பை வைப்பதும் எடுப்பதும் பாதுகாப்பானவை. ஆனால் அப்படி எடுத்த பட்டியலுக்குள் இரண்டு இழைகள் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) ஒரே நேரத்தில் பொருள் சேர்த்தால் அதற்குப் பொறுப்பு நிரலாளருடையது என்று சர்வ்லெட் விவரக்குறிப்பு சொல்லிவிடுகிறது.

ரெடிஸுக்கு மாற்றியதும் வேகம் கூடியது ஏன்

பிஎச்பி தளம் தொங்குகிறது என்றால் பலரும் செய்யும் முதல் வேலை, செஷனைக் கோப்பிலிருந்து ரெடிஸுக்கு மாற்றுவது. மாற்றியதும் தொங்கல் நின்றுவிடும். "கோப்பு மெதுவானது, ரெடிஸ் வேகமானது" என்று முடிவுகட்டிப் பணிச் சீட்டை மூடிவிடுவார்கள்.

அந்த முடிவு பெரும்பாலும் தவறு. சில ஆயிரம் பைட்டுகள் கொண்ட கோப்பைப் படிப்பதற்கு ஆகும் நேரம் ஒருபோதும் 40 நொடியாக இருந்ததில்லை. மெய்யாக மாறியது வேறொன்று: பிஎச்பிக்கான ரெடிஸ் நீட்சியில் செஷன் பூட்டு இயல்பாக அணைத்துவைக்கப்பட்டிருக்கிறது. அதாவது, அறியாமலே பூட்டுள்ள முறையிலிருந்து பூட்டில்லா முறைக்குத் தாவியிருக்கிறார்கள். காத்திருப்பு போய்விட்டது, அதன் இடத்தில் இழப்பு வந்து உட்கார்ந்திருக்கிறது. முன்னது எல்லோர் கண்ணிலும் படும். பின்னது எப்போதோ ஒருமுறை, "கூடையில் ஒரு பொருள் குறைகிறது", "படிவத்தை அனுப்பினால் பாதுகாப்புக் குறி (டோக்கன்) பொருந்தவில்லை என்கிறது" என்ற வடிவத்தில் தலைகாட்டும்; அதற்கும் ரெடிஸ் மாற்றத்துக்கும் முடிச்சுப் போட யாருக்கும் தோன்றாது. மெம்கேஷ்டு நீட்சியிலோ பூட்டு இயல்பாகவே இயங்குகிறது; எனவே இரண்டும் நினைவகக் கிடங்குகள்தாமே என்று மாற்றி மாற்றிப் பயன்படுத்துவோர் வெவ்வேறு நடத்தையைக் காண்பார்கள்.

மாற்றுவது தவறென்று சொல்வதற்கில்லை. பல சர்வர்கள் ஒரு செஷனைப் பகிர வேண்டுமானால் கோப்பு உதவாது, ரெடிஸ் வேண்டும். ஆனால் பூட்டை வைத்துக்கொள்வதா விட்டுவிடுவதா என்பது தெரிந்து எடுக்கும் முடிவாக இருக்க வேண்டும்.

பூட்டு இருந்தும் காக்காத இடங்கள்

செஷன் பூட்டு காப்பது செஷனை மட்டுமே. தரவுத்தளத்தில் உள்ள கணக்கிருப்பையோ, இருக்கை எண்ணிக்கையையோ அது காக்காது. 2015இல் பாதுகாப்பு ஆய்வாளர் எகோர் ஹோமகோவ் வெளியிட்ட ஸ்டார்பக்ஸ் பரிசு அட்டை விவகாரம் இதற்குத் தெளிவான சான்று. ஓர் அட்டையிலிருந்து இன்னோர் அட்டைக்குப் பணம் மாற்றுவது அந்தத் தளத்தில் இரண்டு படிகளில் நடந்தது: முதல் படி விவரங்களைச் செஷனில் சேமித்தது, உறுதிப்படுத்தும் இரண்டாம் படி மாற்றத்தைச் செய்து அந்த விவரங்களை அழித்தது. ஒரே செஷனில் இரண்டுமுறை உறுதிப்படுத்த முயன்றால் இரண்டாவது முறைக்கு விவரங்களே இருக்காது. அவர் செய்தது, ஒரே கணக்கில் இரண்டு உலாவிகள் வழியே நுழைந்தது. இரண்டு குக்கீகள், இரண்டு செஷன்கள், ஆனால் ஒரே அட்டை. இரண்டு உறுதிப்படுத்தல்களையும் ஒரே கணத்தில் அனுப்பியபோது, ஒருமுறை போக வேண்டிய 5 டாலர் இருமுறை வரவாகியது.

இரண்டு டேப்களின் சிக்கலும் பூட்டுக்கு அடங்காது. வாகனக் காப்பீட்டுத் தளம் ஒன்றில் பயனர் ஒரு டேப்பில் காருக்கும் இன்னொரு டேப்பில் ஸ்கூட்டருக்கும் விலை கேட்கிறார் என்று கொள்வோம். 'தற்போதைய வாகனம்' என்பதைச் செஷனில் வைத்திருந்தால், ஸ்கூட்டரின் விவரம் காரின் விவரத்தை மூடிவிடும். முதல் டேப்புக்குத் திரும்பிப் பணம் கட்டினால், திரையில் கார், ரசீதில் ஸ்கூட்டர். இரண்டு கோரிக்கைகளுக்கும் இடையே பத்து நிமிடம் இருந்தாலும் இது நடக்கும். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் தனி எண் கொடுத்து, அதைப் படிவத்தோடே அனுப்பிவைப்பதுதான் வழி.

கண்டறிதல்: எந்த வரிசையில் பார்ப்பது

1. அதே உலாவியில் ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருக்கும்போது, வேறோர் உலாவியிலோ மறைநிலைச் சாளரத்திலோ அதே தளத்தைத் திறந்து பாருங்கள். அங்கே உடனே திறந்தால் சந்தேகம் செஷன் பூட்டின்மீது உறுதியாக விழுகிறது. அங்கும் தொங்கினால் பணியாளர் நிரல்கள் தீர்ந்திருக்கலாம், தரவுத்தளம் மெதுவாக இருக்கலாம். மேம்பாட்டுக் கணினியில் பிஎச்பியின் உள்ளமைந்த சர்வரை ஓட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது இயல்பாக ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையை மட்டுமே கையாளும். அங்கே எல்லாமே வரிசையில்தான் நிற்கும். செஷனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

2. சோதனையே பொய் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே முகவரியை இரண்டு டேப்களில் திறந்தால், முதல் பதிலைத் தற்காலிகச் சேமிப்பிலிருந்து இரண்டாவதற்குக் கொடுக்கலாமா என்று பார்ப்பதற்காக குரோம் தானே இரண்டாவதை நிறுத்திவைக்கக்கூடும். இல்லாத சர்வர் சிக்கலைத் தேடி ஒரு பிற்பகலையே இதில் தொலைத்தவர்கள் உண்டு. முகவரியின் கடைசியில் வெவ்வேறு எண்களைச் சேர்த்துச் சோதித்தால் இந்தக் குழப்பம் விலகும்.

3. உலாவியின் மேம்பாட்டாளர் கருவியில் வலையமைப்புப் பகுதியைத் திறந்து, நேரம் எங்கே கழிந்தது என்று பாருங்கள். 'ஸ்டால்டு' என்ற பிரிவில் கழிந்திருந்தால் கோரிக்கை இன்னும் உலாவியை விட்டே கிளம்பவில்லை. 6 இணைப்பு வரம்பில் சிக்கியிருக்கலாம். சர்வரிடமிருந்து முதல் பைட் வரும்வரை காத்திருந்த நேரம் நீண்டிருந்தால் சர்வர் பக்கம் போக வேண்டும்.

4. பிஎச்பி எஃப்பிஎம்மில் மெதுவான கோரிக்கைகளுக்கான பதிவேட்டை 5 நொடி போன்ற ஒரு வரம்போடு இயக்கிவையுங்கள். நிரல் அந்தக் கணத்தில் எந்த வரியில் நிற்கிறது என்பதை அது எழுதிவைக்கும். பல பதிவுகளின் உச்சியில் 'செஷன்_ஸ்டார்ட்' இருந்தால் நோய் தெரிந்துவிட்டது. ஆனால் அவர்கள் பாதிக்கப்பட்டவர்கள் மட்டுமே. பூட்டை வைத்திருப்பவர், அதே நேரத்தில் வேறு வரியில் நிற்கும் பதிவு. லினக்ஸில் 'எல்எஸ்லாக்ஸ்' கட்டளை எந்தச் செயல்முறை எந்தக் கோப்பைப் பூட்டியிருக்கிறது என்பதை நேரடியாகவே காட்டும்.

5. இழப்பைத் தேடுகிறீர்கள் என்றால் மேற்சொன்ன எதுவும் உதவாது. ஒவ்வொரு கோரிக்கையிலும் செஷனைப் படித்த நேரம், எழுதிய நேரம், மாறிய புலங்கள் ஆகிய மூன்றையும் பதிவுசெய்ய வேண்டும். ஒருவர் படித்து எழுதும் இடைவெளிக்குள் இன்னொருவரின் எழுத்து விழுந்திருந்தால் அதுவே நிரூபணம். அடையாள எண்ணை அப்படியே பதிவேட்டில் எழுதிவிடக் கூடாது. அந்த எண் கிடைத்தவர் அந்தப் பயனராகவே நுழைந்துவிடலாம். அதிலிருந்து கணக்கிட்ட, மூல எண்ணைத் திரும்பப் பெற முடியாத சுருக்கக் குறியீட்டை (ஹாஷ்) எழுதினால் போதும்.

கோரிக்கைகளைப் பிரித்தனுப்பும் சுமைப் பகிர்வியின் பின்னால் பல சர்வர்கள் இருந்து, செஷன் ஒவ்வொன்றின் நினைவகத்திலும் தனித்தனியே இருக்குமானால், பயனர் காரணமின்றி வெளியேற்றப்படுவது போலத் தோன்றும். அது இணைக் கோரிக்கைச் சிக்கல் அல்ல. பொதுக் கிடங்குக்கு மாற்றினால் தீர்ந்துவிடும்.

திருத்தங்கள்

பிஎச்பியில் மிகக் குறைந்த செலவில் மிகுந்த பயன் தருவது, செஷனைச் சீக்கிரம் மூடுவது. உள்ளே நுழைந்தவர்தானா என்று சரிபார்த்தவுடன், கனமான வேலையைத் தொடங்கும்முன், 'செஷன்_ரைட்_குளோஸ்' அழைக்க வேண்டும். படிக்க மட்டுமே போகிறோம் என்றால், பிஎச்பி 7 முதல், திறக்கும்போதே 'ரீட்_அண்ட்_குளோஸ்' என்ற விருப்பத்தைக் கொடுத்துவிடலாம். மேலே சொன்ன அறிக்கை உதாரணத்தில் பூட்டு 40 நொடியிலிருந்து 2 மில்லிநொடியாகச் சுருங்கிவிடும். ஒரு பள்ளம் உண்டு: மூடிய பிறகு செஷன் மாறியில் எழுதினால் எந்த எச்சரிக்கையும் வராது, எழுதியது சேமிக்கப்படவும் மாட்டாது. எனவே கோப்பின் தொடக்கத்தில் கண்மூடித்தனமாக இந்த வரியைச் செருகிவிட்டுப் போவது, காத்திருப்பை விற்று இழப்பை வாங்கும் இன்னொரு வழி. பழைய ஏஎஸ்பி.நெட்டில் இதற்கு இணையானது, பக்கத்தின் செஷன் நிலையைப் 'படிக்க மட்டும்' என்று அறிவிப்பது.

லாராவெல் இதற்கு நேரெதிர் திசையில் வசதி தருகிறது. இயல்பாகப் பூட்டு இல்லை. செஷனில் எழுதும் குறிப்பிட்ட வழித்தடங்களுக்கு மட்டும் 'பிளாக்' என்று சேர்த்தால், அவற்றில் ஒரே செஷனின் கோரிக்கைகள் வரிசைப்படுத்தப்படும். எல்லாவற்றையும் பூட்டிவிட்டுத் தேவையற்ற இடங்களில் திறப்பதைவிட, எதையும் பூட்டாமல் தேவையான இடங்களில் பூட்டுவதே நடைமுறையில் மேலானது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து; எந்த வழித்தடம் எழுதுகிறது என்று குழுவில் யாராவது ஒருவர் உட்கார்ந்து பட்டியலிட்டிருந்தால் மட்டுமே அது செல்லும்.

கூடை, கணக்கிருப்பு, விண்ணப்பத்தின் நிலை போன்றவை செஷனில் இருக்க வேண்டியவை அல்ல. அவற்றைத் தரவுத்தளத்துக்கு நகர்த்தி, 'இருப்பைப் படி, கழி, எழுது' என்று மூன்று படிகளாக இல்லாமல், 'இருப்பு 5க்குக் குறையாமல் இருந்தால் அதில் 5ஐக் கழி' என்று ஒரே கட்டளையாகச் சொல்ல வேண்டும். எத்தனை செஷன்களிலிருந்து வந்தாலும் தரவுத்தளம் அவற்றை வரிசைப்படுத்தும்.

நுழைவின்போது செஷனுக்குப் புதிய அடையாள எண் கொடுப்பது பாதுகாப்புக்குத் தேவை. ஆனால் பழைய எண்ணை அதே கணத்தில் அழித்தால், பழைய குக்கீயோடு ஏற்கெனவே கிளம்பிவிட்ட இணைக் கோரிக்கை செஷன் இல்லாமல் நிற்கும். நுழைந்த மறுகணமே வெளியேற்றப்படும் விசித்திரம் இப்படித்தான் பிறக்கிறது. பழையதற்குக் காலாவதி நேரம் குறித்து, சிறிது நேரம் மட்டும் விட்டுவைக்கும்படி பிஎச்பியின் கையேடும் சொல்கிறது.

ஒருவரின் செஷன் இன்னொருவருக்கு

மூன்றாவது புகார் அரிதானது, மற்ற இரண்டையும்விட ஆபத்தானது. இங்கே வெவ்வேறு பயனர்களின் கோரிக்கைகள் சர்வருக்குள் எதையோ பகிர்ந்துகொள்கின்றன. செருப்பு விடும் இடத்தில் டோக்கன்கள் இடம் மாறிவிட்ட நிலை.

முதலில் பார்க்க வேண்டியது இடைநிலைத் தற்காலிகச் சேமிப்பு. நுழைந்த பயனருக்கான பக்கத்தைச் சேமித்து அடுத்தவருக்கு அது கொடுத்துவிட்டால் கலப்பு நேரும். 2015 டிசம்பர் 25 அன்று ஸ்டீம் விளையாட்டு அங்காடியில் நடந்தது இதுதான். சேவை மறுப்புத் தாக்குதலைச் சமாளிக்க அவசரமாக இட்ட சேமிப்பு அமைவு தவறாகப் போனதால், ஏறக்குறைய 34,000 பயனர்களின் பக்கங்கள் பிறர் கண்ணில் பட்டிருக்கக்கூடும் என்று வால்வ் நிறுவனம் தெரிவித்தது.

இரண்டாவது, இணைப்புகளின் மறுபயன்பாடு. 2023 மார்ச் 20 அன்று சாட்ஜிபிடியில் சிலருக்குப் பிறரின் உரையாடல் தலைப்புகள் தெரிந்தன. பைதானுக்கான ரெடிஸ் நூலகத்தில், கேள்வி அனுப்பப்பட்ட பின்னும் பதில் எடுக்கப்படும் முன்னும் ஒரு கோரிக்கை ரத்தானால், அந்தப் பதில் இணைப்பிலேயே தங்கிவிட்டது. அதே இணைப்பை அடுத்து எடுத்தவர் தன் கேள்விக்கு முந்தையவரின் பதிலைப் பெற்றார். சர்வரில் செய்த ஒரு மாற்றம் ரத்துகளின் எண்ணிக்கையைத் திடீரென்று கூட்டியதால்தான் அது வரை உறங்கிக்கிடந்த பிழை எழுந்தது. குறிப்பிட்ட 9 மணி நேரத்தில் செயல்பட்ட கட்டணச் சந்தாதாரர்களில் 1.2 சதவீதத்தினரின் பணம் செலுத்தும் விவரங்களின் ஒரு பகுதி வெளிப்பட்டிருக்கலாம் என்று ஓப்பன்ஏஐ அறிவித்தது.

மூன்றாவது, கோரிக்கைப் பொருளின் மறுபயன்பாடு. நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் பயன்படுத்திய யூனிகார்ன் சர்வர், ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிய தரவுப் பொருளை உருவாக்காமல், ஒரே பொருளைத் துடைத்துத் துடைத்துப் பயன்படுத்தியது. ஒரு கோரிக்கைக்கு ஓர் இழை என்று இருந்தவரை அதனால் பாதகம் இல்லை. செயல்திறனைக் கூட்டுவதற்காகப் பின்னணி இழை ஒன்றைச் சேர்த்தபோது, அந்த இழை முந்தைய கோரிக்கையின் பொருளைப் பிடித்துக்கொண்டிருக்க, அதற்குள் அதே பொருளில் அடுத்த பயனரின் கோரிக்கை வந்து உட்கார்ந்தது. விளைவாக, மிக அரிதான நேரப் பொருத்தத்தில், ஒருவரின் செஷன் குக்கீ இன்னொருவரின் உலாவிக்குப் போனது. பாதிக்கப்பட்டவை மொத்தச் செஷன்களில் 0.001 சதவீதத்துக்கும் குறைவு.

2021 மார்ச் 5 அன்று பிழை திருத்தப்பட்டது. இருந்தும் மார்ச் 8 அன்று கிட்ஹப் தன் பயனர்கள் அனைவரையும் வெளியேற்றி மீண்டும் நுழையச் சொன்னது. பிழையை மூடினாலும், அதற்குமுன் கை மாறிப்போன குக்கீ செல்லுபடியாகிக்கொண்டேதான் இருக்கும். சரியான எண்ணோடு வருபவர் உரியவரா, தவறாகப் பெற்றவரா என்று அந்த எண்ணைப் பார்த்து மட்டும் சர்வரால் சொல்ல முடியாது.